ஆயுதமும் அலங்காரமும்: ஸ்ரீரங்கப்பட்டணத்துத் துப்பாக்கிகளை முன்வைத்து

திப்பு சுல்தானின் துப்பாக்கி ஒன்றின் நிழற்படம் நம் கல்லூரி மாணவர்களின் கைப்பேசிகளில் சில காலமாக வலம் வருகிறது. படத்தின் கீழே ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கிறது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று லண்டனில் பான்ஹம்ஸ் ஏல நிறுவனம், ராபின் விகிங்டன் என்னும் ஆங்கிலேயச் சேகரிப்பாளர் திரட்டி வைத்திருந்த திப்புவின் ஆயுதங்களை ஏலத்தில் விட்டது. முப்பது உருப்படிகள் ஏறத்தாழ 60 இலட்சம் பவுண்டுக்கு விலை போயின. ஒரே குழலில் ஒன்றன்பின் ஒன்றாக இரு குண்டுகளை இட்டு இருமுறை சுடத்தக்க, வெள்ளிப் பூண் பூட்டிய வேட்டைத் துப்பாக்கி ஒன்று மட்டும் 7,22,500 பவுண்டு. இதை ரூபாயாக மாற்றினால் எத்தனை கோடி என்று வகுப்பில் ஒரு விவாதமே நடந்தது.

நாம் அந்தப் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். உலோகத்தின்மீது எழுத்துகள் தெரிந்தன. பல ஆண்டுகள் அரபு இலக்கணம் ஓதிய பிள்ளைகள் எழுத்தை விட்டுவிட்டுத் தொகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கில்லை; நாமும் முதலில் தொகையைத்தான் பார்த்தோம். ஆயினும் அன்று முதல் ஒரு வினா நம்மை விடாமல் தொடர்கிறது. கொல்வதற்கென்று செய்யப்பட்ட ஒரு கருவியின்மீது இவ்வளவு அழகை ஏன் ஏற்ற வேண்டும்? அந்த அழகு யாரை நோக்கிப் பேசுகிறது?

இவ்வினா நம் வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. ரிஷிவந்தியத்துக்கு அண்மையிலுள்ள தியாகதுர்க்கத்துக் குன்றுக் கோட்டையை வாசகர்களில் பலர் பேருந்தில் கடந்து சென்றிருப்பார்கள். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 டிசம்பரில், திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து வடக்கே திரும்பிய திப்பு இக்கோட்டையைத் தாக்கினார். உள்ளிருந்து காத்தவர் கேப்டன் ஃபிளின்ட். பத்தாண்டுகளுக்கு முன் வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலியிடம் விடாமல் பிடித்து நின்ற அதே அதிகாரி. கோட்டை வீழவில்லை. திப்பு திருவண்ணாமலைக்கும் அங்கிருந்து பெருமுக்கலுக்கும் நகர்ந்தார். ஃபிளின்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சக்கிமுக்கிக் கல் என்று பொருள். திப்புவின் தொழிற்கூடங்களில் உருவான துப்பாக்கிகளும் அந்தக் கல் தெறிக்கும் பொறியால் வெடித்தவையே. வரலாறு சில வேளைகளில் இத்தகைய சொல்விளையாட்டில் இறங்குவதுண்டு.

பொதுவாக நாம் ஆயுதங்களைப் பயனை வைத்து மதிப்பிடுகிறோம்: எவ்வளவு தொலைவு பாயும், எவ்வளவு விரைவில் மறுபடி சுடலாம் என்று. அலங்காரத்தை ஆடம்பரம் என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம். இது போதிய திறனாய்வாகாது. அலங்காரமும் ஒரு பேச்சு. பேச்சென்றால் கேட்போர் ஒருவர் இருக்க வேண்டும். துப்பாக்கியின் எதிரில் நிற்பவருக்குக் குழலின் கருந்துளை மட்டுமே தெரியும். கட்டையில் பதித்த வெள்ளியையோ, குழலின் முதுகில் ஓடும் பொன் எழுத்தையோ அவர் பார்ப்பதில்லை. அவற்றைப் பார்ப்பவர் பிடித்திருப்பவர். அவர் பக்கத்தில் நிற்பவர். அதைப் பரிசாகப் பெறுபவர். இன்றானால், வாங்க வந்திருப்பவர். சுடப்படுபவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் பேசுகிற மொழி அது. இதை மனத்திற்கொண்டு அத்துப்பாக்கிகளை நெருங்கிப் பார்ப்போம்.

அவற்றின் உடலெங்கும் புலி இருக்கிறது. குழலின்மீது புலிவரி, பொறியைத் தட்டும் சுத்தி சில துப்பாக்கிகளில் புலியுருவம், கட்டையில், பூணில், விசையைச் சுற்றிய காப்பில் எல்லாம் புலித்தலை. இவ்வரிக்கோலத்தை வரலாற்றாசிரியர்கள் ‘பப்ரி’ என்று குறிக்கின்றனர். புலியைச் சுட்டும் ‘பப்ர்’ என்ற பாரசீகச் சொல்லின் வழி வந்தது. பீரங்கிகளில் ஒருபடி மேலே சென்று, குழலின் வாயையே பிளந்த புலிவாயாக வார்த்தார்கள். மேலே நாம் சொன்ன விதிக்கு இது விலக்கு. இங்கு மட்டும் அலங்காரம் எதிரியை நேருக்கு நேர் பார்க்கிறது.

புலிக்கு இணையாக எழுத்திலும் ஒரு விலங்கு உலவுகிறது. ‘அஸதுல்லாஹில் காலிப்’ என்னும் தொடரைக் கண்ணாடிப் பிம்பம்போல் இருபுறமும் எழுதி, அவ்வெழுத்துகளே புலிமுகமாகத் தோன்றும்படி அமைத்தனர். வெற்றி கொள்ளும் அல்லாஹ்வின் சிங்கம் என்பது பொருள்; ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர். மொழியாசிரியன் என்ற முறையில் இங்கு ஒரு குறிப்பைச் சேர்க்க விரும்புகிறோம். சிங்கத்துக்கு அரபியில் பெயர்கள் ஏராளம். அஸத், லைஸ், ஹைதர் மட்டுமன்றி, நாம் பிள்ளைகளுக்கு இடும் ஹம்ஸா, அப்பாஸ், உஸாமா ஆகியவும் அப்பொருள் தருபவையே. பாலைவன அரபு மக்கள் அறியாத புலிக்கோ பாரசீகத்திலிருந்து சொல்லைக் கடன்வாங்க வேண்டியிருந்தது. பாரசீகத்தில் சிங்கத்தைக் குறிக்கும் ‘ஷேர்’ என்ற சொல் இந்தியாவுக்கு வந்ததும் புலியையும் குறிக்கத் தலைப்பட்டது. இந்தச் சொல் மயக்கத்தின் நடுவேதான் மைசூர்க் கலைஞன் வேலை செய்தான். தந்தையின் பெயர் ஹைதர், அதாவது சிங்கம். நாட்டின் காட்டில் வாழ்வது புலி. அலீ (ரலி) அவர்களின் விருது அல்லாஹ்வின் சிங்கம். மூன்றையும் ஒரே கோலத்தில் இணைத்தமை சாதாரணச் சாதுரியமன்று. தென்னகத்து மக்களில் எழுத்தறியாதவரும் வரியைக் கண்டு யாருடையது என்று சொல்லிவிடலாம்; எழுத்தறிந்தவர் அதற்குள் இன்னொன்றைப் படித்துக்கொள்ளலாம். இக்கால வணிகர்கள் பெரும் பொருள் கொடுத்துத் தேடுகிற ‘பிராண்டு’ என்பது இதுவன்றி வேறென்ன?

எழுத்துகளுக்கு வருவோம். இத்துப்பாக்கிகள் பலவற்றில் செய்த ஊர் குறிக்கப்பட்டிருக்கும்: ஸ்ரீரங்கப்பட்டணமானால் ‘பட்டன்’, பெத்னூரானால் ‘நகர்’. ஹைதர் என்ற பெயரின் முத்திரை இருக்கும். சிலவற்றில் செய்த கம்மியரின் பெயர் இருக்கும். ஆண்டு இருக்கும்; அதுவும் ஹிஜ்ரி ஆண்டன்று, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ஒட்டித் திப்பு புதிதாக வகுத்த மவ்லூதி ஆண்டு. அதன் எண்களை எழுத்தைப் போலவே வலமிருந்து இடமாக எழுத வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். ஆகவே 1222 என்ற ஆண்டு, வழக்கமாகப் படிப்பவர் கண்ணுக்கு 2221 என்று தோன்றும். மாணவர்களிடம் இவ்வெண்ணை எழுதிக் காட்டியபோது, எதிர்காலத்திலிருந்து வந்த துப்பாக்கியா என்று ஒருவர் கேட்டுவிட்டார். அலங்காரத்தை மட்டும் பார்ப்பவர் இந்தச் செய்திகளைத் தவறவிடுவார். நம் பார்வையில் மிக முக்கியமானவை இவைதாம். எங்கே, எப்போது, யாருடைய அதிகாரத்தில், யார் கையால் என்ற நான்குக்கும் விடையளிக்கும் கருவி, தன் செயலுக்குப் பொறுப்பாளி யார் என்பதையும் தன் உடலிலேயே சுமக்கிறது.

இதனால் திப்புவின் தொழிற்கூடங்கள் விளம்பரம் அறியாத புனிதத் தலங்கள் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. விளம்பரம் நன்றாகவே இருந்தது. சில துப்பாக்கிகளில் பொறித்த பாரசீகக் கவிதை வரிகள், ஹிந்தின் பேரரசருடைய இந்தத் துப்பாக்கிக்கு மின்னலும் இரண்டாமிடமே என்ற பொருளில் பெருமை பேசுகின்றன. எந்த விற்பனையாளனும் இதைவிட நன்றாக எழுத முடியாது. கைத்துப்பாக்கிகளை இணைகளாகச் செய்து, ஒன்றின் பொறியை வலப்புறமும் மற்றதன் பொறியை இடப்புறமும் அமைத்தனர். அருகருகே வைத்தால் ஒன்று மற்றதன் நிழல்போல் இருக்கும். இதில் போர்ப் பயனைவிடக் காட்சிப் பயனே மிகுதி என்பது நம் எண்ணம். ஐரோப்பியரின் பொறியமைப்பை எடுத்துக்கொண்டு, அதை எங்கள் மண்ணிலும் செய்ய முடியும், உங்களைவிட அழகாகவே செய்ய முடியும் என்று காட்டுவதே நோக்கம். 1786இல் புறப்பட்டு 1787இல் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்த தூதுக்குழு, உதுமானிய சுல்தான் முதலாம் அப்துல் ஹமீதுக்குக் கொண்டுசென்ற அன்பளிப்புகளில் மைசூரில் செய்த துப்பாக்கிகளும் இருந்தன. 1788இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியைக் கண்ட தூதர்கள் கைவினைஞர்களை அனுப்பும்படி கேட்டனர். கடன் கேட்கப் போகிறவன் நல்ல சட்டை அணிந்து செல்வதைப்போல, துணை தேடிச் சென்ற அரசு தன் துப்பாக்கிகளை அணிந்து சென்றது. கான்ஸ்டாண்டிநோபிளில் மரியாதை கிடைத்தது, படை கிடைக்கவில்லை.

குடகிலும் மலபாரிலும் இதே புலிவரி வேறு நினைவுகளை விட்டுச் சென்றிருக்கிறது என்பதையும் மறைக்கலாகாது. ஒரு சின்னம் யாருக்குப் பெருமை, யாருக்கு அச்சம் என்பது குழலின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நம் மரபில் ஆயுத அலங்காரத்துக்கென ஒரு தனி விவாதமே உண்டு. ஸஹீஹுல் புகாரியின் ஜிஹாத் பகுதியில் வாள்களின் அணி பற்றிய பாடம் இருக்கிறது. அங்கே அபூ உமாமா (ரலி) அவர்களின் கூற்று பதிவாகியுள்ளது: அந்த வெற்றிகளை ஈட்டியவர்களின் வாள்களில் பொன்னும் வெள்ளியும் அணியாக இருந்ததில்லை, தோல்வாரும் ஈயமும் இரும்புமே இருந்தன என்பது அதன் கருத்து. அவர் இதைச் சொன்ன தொனியை ஊன்றிக் கவனித்தால், சுற்றியிருந்த இளைய தலைமுறையின் வாள்கள் மின்னத் தொடங்கிவிட்டன என்பது புலனாகும். மறுபுறம், நபி (ஸல்) அவர்களின் வாள்பிடியின் முனைப்பூண் வெள்ளியாலானது என்ற அறிவிப்பை அபூதாவூதும் திர்மிதியும் தருகின்றனர். ஆகவே ஃபிக்ஹு அறிஞர்கள் போர்க்கருவியில் ஆண்களுக்கு வெள்ளியை அனுமதித்தனர். பொன்னைப் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. திப்புவின் துப்பாக்கிகளில் பூண்கள் பெரும்பாலும் வெள்ளியாக இருப்பதைக் காணும் மார்க்க மாணவன் மகிழ்வான். ஆனால் குழல்களின்மீது பொன்னும் இருக்கிறது. அரசர்கள் சட்ட நூலை முழுவதும் படிப்பதில்லை.

இவ்விவாதத்தைவிட நம்மை அதிகம் ஈர்ப்பது ஆயுதத்தின் ஒழுக்கம் பற்றிய ஹதீஸ்கள். அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ செல்பவர் அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றக் கூடாது. உடன்பிறந்தவனாயினும் அவனை நோக்கி இரும்பை நீட்டுபவன், அதைக் கீழே வைக்கும்வரை வானவர்களின் சாபத்துக்கு ஆளாகிறான். இம்மூன்றிலும் ஆயுதத்தை வைத்திருப்பவரின் கண்ணைத் தன்மேலிருந்து திருப்பி, எதிரிலிருக்கும் மனிதர்மேல் செலுத்தும் முயற்சி இருக்கிறது. அலங்காரமோ கண்ணை மறுபடியும் வைத்திருப்பவர் பக்கமே இழுக்கிறது. வெள்ளி கூடுமா பொன் கூடுமா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்ட நம் பிற்காலப் பாடத்திட்டம் இந்த முரணைப் பேசாமல் விட்டுவிட்டது என்றே நாம் கருதுகிறோம். இன்னொன்றும் உண்டு. இறைவனின் திருநாமம் அடங்கிய ஒரு தொடரைச் சுடுகருவியின்மீது பொறிப்பதை நாம் எளிதில் கடந்துவிட முடியாது. வெற்றி அவனிடமிருந்து என்ற பணிவில் எழுதினார்கள் என்று சொல்லலாம். வெற்றி கைமாறினால் எழுத்து என்னாகும்?

1799 மே 4 அன்று அதற்கு விடை கிடைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு கொல்லப்பட்டார், துப்பாக்கிகள் கொள்ளைப் பொருளாகப் பங்கிடப்பட்டு இங்கிலாந்தின் மாளிகைகளுக்கும் விண்ட்சர் அரண்மனைக்கும் போயின. இது யாவரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாதது, கிழக்கிந்தியக் கம்பெனி தன் வீரர்களுக்கு வழங்கிய பதக்கம். பர்மிங்ஹாமை அடுத்த சோஹோ நாணயச் சாலையில் அச்சிட்டு 1808இல் வழங்கப்பட்ட அப்பதக்கத்தின் ஒரு பக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் புலியை வீழ்த்திக் கிடத்துகிறது. மேலே பறக்கும் கொடியில் அரபு எழுத்தில் உள்ள வாசகம், ‘அஸதுல்லாஹில் காலிப்’. மறுபக்கத்தின் அடியில் பாரசீக மொழியில், ஸ்ரீரங்கப்பட்டணத்தை இறைவன் தந்தான் என்ற பொருளில் ‘குதாதாத்’ என்னும் சொல்லும், 1213 துல்கஅதா 28 என்ற ஹிஜ்ரித் தேதியும். ‘குதாதாத்’ என்பது திப்பு தம் அரசுக்கே சூட்டிய பெயர். ஸர்க்காரே குதாதாத், இறைவன் அளித்த அரசு.

நம் மாணவர்களுக்கு இப்பதக்கத்தின் படத்தைக் காட்டியபோது, யாரும் விலை கேட்கவில்லை. கம்பெனி துப்பாக்கியை மட்டும் எடுத்துச் செல்லவில்லை. துப்பாக்கி பேசிய மொழியையும் எடுத்துச் சென்றது. சிங்கம் என்ற சொல்லுக்கும் புலி என்ற உருவத்துக்கும் இடையே மைசூர்க் கலைஞன் அழகுற மறைத்து வைத்திருந்த இடைவெளியைப் பர்மிங்ஹாம்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். புலி உங்களுடையது, சிங்கம் எங்களுடையது என்று பிரித்துவிட்டார்கள். அரபு தெரிந்த யாரோ ஒருவர் அவர்களுக்கு உதவியிருக்க வேண்டும். அந்த மனிதரைப் பற்றி நாம் அடிக்கடி நினைப்பதுண்டு.

கம்பெனி என்று சொல்லிவிட்டோம். அரசின் துப்பாக்கியிலிருந்து கம்பெனியின் துப்பாக்கிக்கு நகர்ந்த கதையில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் முதன்மையானவர். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் தம் கைத்துப்பாக்கிகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்தவர் அவர். அவ்வாண்டின் ‘நேவி’ மாதிரியில் குண்டுகள் சுழலும் உருளையின்மீது, 1843இல் டெக்சஸ் கப்பற்படை மெக்சிகோவுடன் மோதிய கடற்போர்க் காட்சியை எந்திரத்தால் பதித்தார். வாங்குபவர் அப்போரில் இருந்தவரல்லர்; அதன் நினைவை விலைக்கு வாங்கிக்கொள்கிறார். 1853 வாக்கில் பொன்னிழைத்த இரு துப்பாக்கிகளை இணையாகச் செய்வித்தார். ஒன்றில் ஜார்ஜ் வாஷிங்டனின் உருவம். அது இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையான மற்றொன்று உதுமானிய சுல்தான் அப்துல் மஜீதுக்கு அன்பளிப்பாகப் போயிற்று. திப்புவின் துப்பாக்கிகள் சென்ற அதே அவைக்கு, எழுபது ஆண்டுகளுக்குள்! ஆனால் ஒரு பெரும் வேறுபாடு. மைசூர் துணை தேடிச் சென்றது. கோல்ட் வாடிக்கையாளரைத் தேடிச் சென்றார். துருக்கியரிடம் ரஷ்யர் வாங்குவதாகவும், ரஷ்யரிடம் துருக்கியர் வாங்குவதாகவும் அவர் சொல்லி விற்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ உண்மையோ, அத்தொழிலின் இயல்பை அது சரியாகவே சொல்கிறது. அவர் மறைந்த பின் 1873இல் அந்நிறுவனத்திலிருந்து வந்த புகழ்பெற்ற கைத்துப்பாக்கிக்கு வழங்கிய பெயர் ‘சமாதானம் செய்பவன்’.

பெயரிடுதல் அலங்காரத்தின் உச்சம். இங்கு நம் மொழியிலுள்ள சொற்களையும் எண்ணிப் பார்க்கலாம். துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல். பீரங்கி என்பது ‘ஃபிரங்கி’, அதாவது பரங்கியன். கருவியை விற்றவனின் முகவரியே அதன் பெயராகிவிட்டது.

இக்காலத்துக்கு வந்தால் அலங்காரம் பொன்னிலிருந்து நிறத்துக்கும், குறும்புக்கும், மனக்குறைக்கும் நகர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு நிறுவனம் குழந்தைகளுக்கென்று இளஞ்சிவப்பு, நீலக் கட்டைகளுடன் ‘கிரிக்கெட்’ என்ற பெயரில் சிறு துப்பாக்கிகளைச் செய்கிறது. விளையாட்டல்ல, சில்வண்டைக் குறிக்கும் பெயர் அது. துப்பாக்கி ஏந்திய சில்வண்டே அதன் சின்னம். 2013 ஏப்ரலில் கென்டக்கி மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் அத்தகைய துப்பாக்கியால் தன் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். குழந்தை இறந்துவிட்டது. உடன்பிறந்தவனாயினும் என்ற அந்த ஹதீஸின் சொற்களை நாம் இச்செய்தியோடு சேர்த்துத்தான் இப்போது ஓதுகிறோம். பாடம் நடத்தும்போது குரல் இடறுகிறது. இதற்குப் பின்னும் 2022இல் வேறொரு நிறுவனம், போர்த் துப்பாக்கியின் சிறுவர் வடிவத்தை, பால்சூப்பி வாயில் வைத்த மண்டையோட்டுச் சின்னத்துடன் கண்காட்சியில் வைத்தது.

அவ்வளவுக்கும் நீதிமன்றம் ஒருமுறை இந்த அலங்கார மொழியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கி நிறுவனங்களுக்கு எதிரான வழக்குகளை 2005ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆயினும், இதைக் கையில் எடுத்தால்தான் நீ ஆண்மகன் என்ற பொருள்பட விளம்பரம் செய்ததை முறையற்ற வணிகமாகக் கருதி வழக்கைத் தொடரலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியது. 2022 பிப்ரவரியில் ரெமிங்டன் நிறுவனத்தின் காப்பீட்டாளர்கள் 7 கோடியே 30 இலட்சம் டாலர் தர உடன்பட்டனர். அதாவது, குற்றச்சாட்டு நின்றது இரும்பின்மேல் அன்று, அதைச் சுற்றிய சொல்லின்மேல். குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பதை வெறுத்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களின் நிலைப்பாட்டை இன்று விரித்துரைப்பவர்கள் இத்தீர்ப்பையும் கருத வேண்டும். விற்பனை மட்டுமே குழப்பத்துக்கு உதவுவதன்று. வாங்கத் தூண்டும் பேச்சும் உதவுகிறது.

அதே வாரத்தில், டிசம்பர் 16 அன்று, டெல்லியில் நடந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. அதன் எதிரொலியாக 2014 ஜனவரியில் கான்பூர் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற கைத்துப்பாக்கியை வெளியிட்டது. அப்பெண்ணுக்கு மக்கள் இட்ட ‘நிர்பயா’ என்ற பெயரின் பொருளே இதற்கும்: அச்சமற்றது. எடை 500 கிராம், டைட்டானியக் கலவை, அப்போது விலை 1,22,360 ரூபாய், நகைப்பெட்டி போன்ற கருஞ்சிவப்புப் பேழையில் வைத்துத் தந்தார்கள். அத்தொழிற்சாலையின் கம்மியர் திறனை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இரவில் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்ணிடம் அந்தத் தொகையும் உரிமமும் இருக்குமா? நகைப்பெட்டியை வடிவமைத்தவர் மனத்தில் இருந்தவள் எந்தப் பெண்? பாதுகாப்பில்லாமல் இறந்துபோன ஒருத்தியின் பெயரை, பாதுகாப்பை விலைக்கு வாங்க வல்லவர்களின் கைப்பைக்குள் வைப்பது நாம் பார்த்தவற்றுள் மிக நுட்பமான அலங்காரம், மிகத் துயரமானதும்கூட. 2021 அக்டோபரில் அரசின் படைக்கல வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகிவிட்டது. நம் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்றின்கீழ் வருகிறது. ஊரின் பெயரையே தாங்கிய துப்பாக்கி ஒன்று அங்கிருந்து வருகிறது. இனி வரும் பெயர்களையும் பேழைகளையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

ரஷ்யாவில் 2013ஆம் ஆண்டு இஷ்மாஷ் தொழிற்சாலைக்குக் ‘கலாஷ்னிகோவ்’ என்று புதுப்பெயர் சூட்டினார்கள். 2016இல் மாஸ்கோ விமான நிலையத்தில் அப்பெயர் பொறித்த சட்டைகளையும் நினைவுப் பொருள்களையும் விற்கக் கடை திறந்தார்கள். அப்பெயருக்குரிய முதியவர் மிகைல் கலாஷ்னிகோவ் 2013 டிசம்பரில் இறந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் தம் திருச்சபைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் படைத்த கருவியால் மாண்டவர்களின் சாவுக்குத் தாம் பொறுப்பாளியா என்று கேட்டிருந்தது பின்னர் வெளிவந்தது. சட்டையில் இருப்பதும் கடிதத்தின் அடியில் இருப்பதும் ஒரே பெயர்தான். ஒன்று விற்கிறது, மற்றது பதில் கேட்கிறது. மைசூர்க் கம்மியர் குழலில் தம் பெயரை வெட்டியபோது எந்த உணர்வு மேலோங்கியிருந்திருக்கும் என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. இரண்டுக்கும் அங்கே இடமிருந்தது.

கடைசியாக நம் மேற்குத் திசைக்கு வருவோம். கல்வராயன் மலைப்பகுதியில் உரிமமின்றி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல்துறையினர் கைப்பற்றிய செய்தி அவ்வப்போது நாளிதழில் வருகிறது. இரும்புக் குழாயும் மரக்கட்டையும் கொண்டு செய்தவை. குழலின் வாய்வழியாகக் கருமருந்தையும் ஈயக் குண்டுகளையும் கெட்டித்துச் சுடுபவை. பன்றி விரட்டவும் வேட்டைக்கும் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். அவற்றில் வரியில்லை, வெள்ளியில்லை, எழுத்தில்லை. பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் கடைத்தெருவில் அயல்நாட்டு நிறுவனங்களின் முத்திரையைக் கூசாமல் பதித்து விற்பார்கள். இங்கு அந்தப் பொய்யும் கிடையாது. பெயர் தெரியக் கூடாது என்பதே அதன் வடிவமைப்பு. அழகின் வலையில் சிக்காத ஆயுதம் என்று அதைப் பாராட்டலாமா என்று ஒரு கணம் எண்ணினோம். முடியாது. பிடிபட்டபின் காவல் நிலையத்தில் அதன் கட்டையில் நூல்கட்டி ஓர் அட்டையைத் தொங்கவிடுவார்கள். குற்ற எண், ஆண்டு, கைப்பற்றிய ஊர், வைத்திருந்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். செய்தவர் யார் என்பது பெரும்பாலும் இருக்காது.